நான்காம் தரத்தில் அறுந்துபோகும் மொழி

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

றமழான் வந்தால் ஒரு படம் எமது கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். பனிக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிவாசல், பக்கத்தில் ஒரு சின்ன மினாரா. கனடாவின் வடகோடியில் இனுவிக் என்ற ஊரில் இருப்பது அது. 2010இல் வினிபெக் நகரத்தில் செய்து, லொறியிலும் ஆற்றில் தட்டைப் படகிலுமாக 4,000 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோய் வைத்தார்கள். கோடையில் சூரியன் மறையாத ஊரில் நோன்பு பிடிப்பது எப்படி, துறப்பது எப்படி என்று எமது ஊரிலும் பேசியிருக்கிறோம். ஆனால் அந்த வடக்கின் சொந்த மக்கள் யார், அவர்களின் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. ஆசிரியர்கள் என்ற வகையில் அந்தக் கதையைத் தேடி வாசித்தோம். வாசித்ததில் சில விடயங்கள் எமது வகுப்பறைக்குள்ளேயே வந்து நின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த மக்களுக்கு இனுயிட் என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்கு ‘மனிதர்கள்’ என்றுதான் பொருள். எமது பழைய பாடப்புத்தகங்களில் இருந்த ‘எஸ்கிமோ’ என்ற சொல்லை அவர்கள் விரும்புவதில்லை. வகுப்பில் இனிச் சொல்லாமல் விடுவது நல்லது. கனடாவில் அவர்கள் நான்கு பிரதேசங்களில் வாழ்கிறார்கள். ஆகப் பெரியது நுனாவுட். ‘எங்கள் நிலம்’ என்று பொருள். பரப்பு சுமார் 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். எமது நாடு 65,610. அதாவது இலங்கையைப் போல் முப்பது மடங்குக்கு மேல். சனத்தொகையோ 2021 கணக்கெடுப்பின்படி 36,858 பேர். எமது பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்தால் அந்தத் தொகை வந்துவிடும். ஊர்கள் 25. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் வீதி கிடையாது. விமானம், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் பனி ஊர்தி, அவ்வளவுதான். மக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரளவில் இனுயிட். அவர்களின் மொழி இனுக்டிட்டூட்.

எழுத்து இல்லாத மக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களின் எழுத்தின் கதை தமிழ் கற்பிக்கும் எவருக்கும் பிடிக்கும். 1840 அளவில் நோர்வே ஹவுஸ் என்ற இடத்தில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மிஷனரி கிரீ மக்களின் மொழிக்கு ஓர் எழுத்து முறையை அமைத்தார். அச்செழுத்து வார்க்க ஈயம் கிடைக்கவில்லை என்று தேயிலைப் பெட்டிகளின் உள்தகட்டை உருக்கினாராம். (அந்தக் காலத்தில் அது எமது நாட்டுத் தேயிலையாக இருக்க வழியில்லை. இங்கே தோட்டங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.) அந்த எழுத்தை வேறு மிஷனரிகள் 1850களில் இனுயிட் மொழிக்குப் பொருத்தினார்கள். 1876இல் வடக்கே வந்த எட்மண்ட் பெக் அதைப் பரவலாக்கினார்.

அதன் அமைப்பு எளிது. மெய்க்கு ஒரு வடிவம். உயிருக்கு அந்த வடிவம் பார்க்கும் திசை. கூரை போன்ற ஒரு கோணக் குறி மேலே பார்த்தால் ‘பி’, வலது பக்கம் பார்த்தால் ‘பு’, இடது பக்கம் பார்த்தால் ‘ப’. எமது உயிர்மெய்யில் கொம்பும் விசிறியும் செய்யும் வேலையை அங்கே திசை செய்கிறது. பாடசாலை கட்டிச் சொல்லிக்கொடுத்த எழுத்தும் அல்ல. தாய் பிள்ளைக்கும், ஒரு முகாமில் இருந்தவர் அடுத்த முகாமுக்கு வேட்டைக்குப் போனபோது அங்குள்ளவர்களுக்கும் காட்டிக்கொடுத்தே வட கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. இரவல் எழுத்தில் சொந்த மொழியை எழுதி, வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுத்து வளர்ப்பது எமக்குப் புதிது இல்லை. அறபுத் தமிழில் எழுதிய கிதாபுகள் எமது மூத்தம்மாமார் காலம் வரை வீடுகளில் இருந்தன. அரசாங்கத்தின் சதம் ஒன்றும் செலவாகாமல் ஒரு சமூகம் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டதற்கு இரண்டும் சாட்சி.

அரசாங்கம் வந்த பிறகு என்ன நடந்தது?

முதலில் வந்தது இலக்கம். இனுயிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அதிகாரிகளுக்குப் பெயர்களை எழுதுவதும் கஷ்டமாக இருந்தது. ஆகவே 1941 தொடக்கம் ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த ஒரு சிறு வட்டத் தகடு கொடுத்தார்கள். கிழக்கில் இருப்பவருக்கு ‘ஈ’, மேற்கில் இருப்பவருக்கு ‘டபிள்யூ’, பிறகு எண். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், உடுப்பில் தைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளும் அந்த இலக்கத்தாலேயே பதியப்பட்டார்கள். 1968 தொடக்கம் 1971 வரை ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் மனிதர் ஊர் ஊராகப் போய், குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டுப் பெயர் பதிந்த பிறகே அந்த முறை கைவிடப்பட்டது.

பிறகு வந்தது பாடசாலை. 1950களின் நடுப்பகுதியில் கனடா அரசாங்கம் வடக்கில் பாடசாலைகளையும் அவற்றோடு சேர்ந்த விடுதிகளையும் கட்டத் தொடங்கியது. பனி வீட்டிலும் கூடாரத்திலும் இடம் மாறி மாறி வாழ்ந்த குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளை விமானத்திலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் என்ற ஊரில் இருந்த கத்தோலிக்க விடுதி பேர்போனது. அங்கே 1958இல் கொண்டுபோகப்பட்ட சிறுவர்களில் ஒருவர் பீட்டர் இர்னிக். பிற்காலத்தில் நுனாவுட்டின் ஆணையாளராக இருந்தவர். பாடசாலைக்குள் இனுக்டிட்டூட் பேசத் தடை. பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கும் உம்மா வாப்பாவுக்கும் இடையில் பேச்சு ஓடவில்லை. அந்த விடுதியில் பிள்ளைகள் மீது நடந்த வன்கொடுமைகள் பல வருடங்களுக்குப் பிறகே வெளியில் வந்தன. அவற்றை இங்கே விபரிக்க மனம் வரவில்லை.

2008 ஜூன் 11இல் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் இந்தப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். இனுயிட் மக்கள் சார்பில் பதில் சொல்ல எழுந்த மேரி சைமன், முதலில் இனுக்டிட்டூட் மொழியில் பேசினார். மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அந்தச் சபைக்குக் காட்டவே அப்படிச் செய்தார். 2021இல் அவரே கனடாவின் ஆளுநர் நாயகமானார்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். சேர்ச்சில் என்ற ஊரில் 1964 தொடக்கம் 1973 வரை இயங்கிய தொழிற்பயிற்சிப் பாடசாலையில் வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். தூர தூரமாகப் பிரிந்து கிடந்த ஊர்களின் இளைஞர்கள் தாங்கள் ஒரே மக்கள் என்று அறிந்துகொண்டது அங்கேதான். அங்கே படித்த ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டு அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்கள் பலர். 1971இல் டாகக் கர்லி தலைமையில் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு உருவானது. 1993 மே 25இல் இக்கலூயிட் நகரத்தில் காணி உடன்படிக்கை கைச்சாத்தானது. 1999 ஏப்ரல் 1இல் நுனாவுட் தனிப் பிரதேசமாகியது. துப்பாக்கி எடுக்காமல், கையில் வரைபடத்தோடு இருபது வருடத்துக்கு மேல் பேசிப் பேசியே கனடாவின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்த மக்கள் அவர்கள்.

சொந்த அரசாங்கம் வந்துவிட்டது. இனிப் பாடசாலையில் சொந்த மொழி வந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்போம். அங்கேதான் சிக்கல்.

உடன்படிக்கையின் 23ஆம் உறுப்புரைப்படி, அரச உத்தியோகங்களில் இனுயிட் மக்களின் பங்கு அவர்களின் சனத்தொகை விகிதத்துக்கு உயர வேண்டும். ஆனால் உயரவில்லை. பாதிக்கும் குறைவான பதவிகளே அவர்களிடம் இருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவை கீழ்மட்டப் பதவிகள். காரணம் தேட நியமிக்கப்பட்டவர் முன்னாள் நீதிபதி தோமஸ் பேர்ஜர். 2006 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். உத்தியோகப் பிரச்சினையைப் பார்க்கப் போனவர் முதலாம் தரத்து வகுப்பறையில் போய் நின்றார். எங்களுக்குப் பிடித்ததே அதுதான்.

அவர் கண்டது இது. பிள்ளை மூன்றாம் தரம் மட்டும் இனுக்டிட்டூட்டில் படிக்கிறது. நான்காம் தரத்தில் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. தாய்மொழியில் சரளமாக வாசிக்கத் தொடங்கும் வயதில் அந்த மொழி வகுப்பறையை விட்டுப் போய்விடுகிறது. ஆங்கிலமோ இன்னும் கைக்கு வரவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் மட்டும் அந்தப் புது மொழியில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை பின்தங்கும், பிறகு பாடசாலையை விட்டு விலகும். உயர்தரப் பாடசாலையை முடிப்பவர்கள் நூற்றுக்கு 25 பேர் மட்டுமே என்று அவர் எழுதினார். பரிந்துரையாக, மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் தரம் வரை இரு மொழிகளிலும் கல்வி வேண்டும், அதற்கான பணத்தை மத்திய அரசு கொடுக்க வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் எந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியையும் தலையை ஆட்டுவார். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை வேறு, வாசித்து விளங்கும் பிள்ளை வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும் இடம் ஏறக்குறைய மூன்றாம் நான்காம் தரம்தான். கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதும் இதுதான். அந்தப் படியில் கால் வைக்கும்போது படியையே எடுத்துவிட்டால் பிள்ளை விழாமல் என்ன செய்யும்?

பணத்தின் கதைக்கு வருவோம். கனடாவின் அரசியலமைப்பு ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. எந்த மாகாணத்திலும் பிரெஞ்சு பேசும் சிறுபான்மைக்குத் தங்கள் மொழிப் பாடசாலை பெறும் உரிமை உண்டு. இக்கலூயிட்டில் இருக்கும் பிரெஞ்சுக்காரர் சில நூறு பேர். அவர்களுக்கு அங்கே ஒரு பிரெஞ்சுப் பாடசாலை இருக்கிறது. இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். அந்த உரிமையை எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில் பெரும்பான்மையினரின் மொழியில் பன்னிரண்டாம் தரம் வரை படிக்க ஒரு பாடசாலை இல்லை. மத்திய அரசு மொழிகளுக்கென்று நுனாவுட்டுக்குக் கொடுத்த பணத்தை ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்தால், ஒரு பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்ததில் மிகச் சிறு துண்டே ஒரு இனுயிட் ஆளுக்குக் கிடைத்தது. நிலத்தின் மொழி எது என்று கேட்டால் ஒரு பதில், காசோலை எந்த மொழிக்கு எழுதப்படுகிறது என்று கேட்டால் வேறு பதில்.

2008இல் நுனாவுட் சட்டசபை இரண்டு நல்ல சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று கல்விச் சட்டம், மற்றது இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டம். 2009 ஜூலையிலிருந்து மூன்றாம் தரம் வரையும், 2019 ஜூலையிலிருந்து எல்லாத் தரங்களிலும், தாய்மொழியில் கற்பிக்கும்படி கேட்கப் பெற்றோருக்கு உரிமை கொடுத்தது மொழிச் சட்டம். பத்து வருட அவகாசம். அந்தப் பத்து வருடத்தில் ஆசிரியர்களை உருவாக்கியிருக்க வேண்டும். 2013இலேயே கணக்காய்வாளர் நாயகம் எச்சரித்தார், இருமொழி ஆசிரியர்கள் போதாது, குறித்த காலத்தில் முடியாது என்று. 2019 வந்தது, ஆசிரியர்கள் வரவில்லை. 2020 நவம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது கெடு 2039. அதுவும் எல்லாப் பாடங்களும் அல்ல, இனுக்டிட்டூட் ஒரு மொழிப் பாடமாக மட்டும், தரம் தரமாக வரும்.

எங்கள் பார்வையில் முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டம் இருந்தது, உரிமை இருந்தது, சொந்த அரசாங்கமும் இருந்தது. வகுப்பில் நிற்க ஆள் இல்லை. தெற்கிலிருந்து வரும் ஆசிரியர்கள் நல்லவர்கள்தான்; ஆனால் பலர் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். எமது கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் நியமனத்தில் வருவார்கள், காலம் முடிந்த கையோடு இடமாற்றம் எடுப்பார்கள், பிள்ளைகள் மறுபடியும் புது முகத்தைப் பார்ப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் ஆசிரியராகி உள்ளூரிலேயே நிற்பதுதான் ஒரே மருந்து. அதற்குப் பயிற்சிக் கல்லூரி வேண்டும், படிக்கும் காலத்தில் குடும்பத்துக்குச் சாப்பாடும் வீடும் வேண்டும், அந்த மொழியில் பாடப்புத்தகமும் வாசிப்புப் புத்தகமும் வேண்டும். ஒவ்வொன்றும் பணம். நுனாவுட் பக்கத்தில் இனுயிட் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது 1979இல்தான்.

இதே இனத்து மக்கள், இதே குளிர், பக்கத்துத் தீவான கிறீன்லாந்தைப் பாருங்கள். டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த அங்கே நூக் நகரத்தில் ஆசிரியர் கலாசாலை 1845இல் நிறுவப்பட்டது. சாமுவேல் கிளைன்ஷ்மிட் 1851இல் கிறீன்லாந்து மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார். 1861இல் அந்த மொழியில் பத்திரிகை வந்தது. எமது அறிஞர் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியது 1882இல் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! இன்று சுமார் 56,000 பேர் வாழும் அந்த நாட்டில் பாடசாலையின் மொழியும் அரசாங்கத்தின் மொழியும் கிறீன்லாந்து மொழியே. 2009இலிருந்து ஒரேயொரு ஆட்சிமொழியும் அதுதான்.

டென்மார்க் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல வரவில்லை. 1951இல் 22 கிறீன்லாந்துச் சிறுவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, டேனிஷ் பிள்ளைகளாக வளர்க்கவென்று டென்மார்க்குக்குக் கொண்டுபோன கொடுமைக்கு 2020 டிசம்பரில்தான் மன்னிப்புக் கேட்டார்கள். 1950களிலும் 60களிலும் பாடசாலைகளில் டேனிஷ் மொழியைத் திணித்தும் பார்த்தார்கள். இருந்தும் மொழி நின்றது. அதற்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அந்த மொழியிலேயே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஊர் ஊராக இருந்தார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் முதற் காரணமாகச் சொல்வோம். நுனாவுட்டுக்கும் கிறீன்லாந்துக்கும் இடையில் 134 வருட வித்தியாசம். அந்த வித்தியாசத்தைச் சட்டத்தால் மட்டும் ஈடுசெய்ய முடியாது, காசால்தான் முடியும்.

பெற்றோரின் பயத்தையும் பேசத்தான் வேண்டும். ‘வீட்டு மொழியைப் படித்து என்ன கிடைக்கும், ஆங்கிலம் இருந்தால்தானே தொழில்’ என்று இனுயிட் பெற்றோர் சிலரும் கேட்கிறார்கள். எமது ஊரில் இது கேட்காத வீடு உண்டா? பேர்ஜரின் பதில், ஆங்கிலத்தைக் குறைக்க வேண்டும் என்பது அல்ல. தாய்மொழியில் வாசிப்பு உறுதியான பிள்ளைக்கு இரண்டாம் மொழி நன்றாக வரும், இப்போதைய முறையில் இரண்டும் அரைகுறையாகிறது என்பதே. ஆங்கில மொழிமூலத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்த அறிக்கையின் இந்தப் பகுதியையாவது எமது பெற்றோர் படித்தால் நல்லது என்று தோன்றுகிறது. (இதற்கு யாராவது கோபித்துக்கொண்டால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.)

பணம் கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதும் வரலாறுதான். நுனாவுட் இனுயிட் மக்களின் உரிமை அமைப்பான நுனாவுட் டுங்காவிக் 2006இல் மத்திய அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2015இல் 255.5 மில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது. அதில் 175 மில்லியனை மக்களின் பயிற்சிக்கென்றே ஒதுக்கினார்கள். 2019இல் கனடா முழுவதற்குமான பூர்வீக மொழிகள் சட்டம் வந்தபோது, எமக்கென்று இதில் ஒன்றுமில்லை என்று இனுயிட் தேசியத் தலைவர் நாத்தான் ஓபெட் வெளிப்படையாகவே ஏமாற்றம் தெரிவித்தார். 2020 திருத்தத்துக்குப் பிறகு, 2021 ஒக்டோபரில், அதே டுங்காவிக் அமைப்பு இந்த முறை தங்கள் சொந்த நுனாவுட் அரசாங்கத்துக்கு எதிராகவே நீதிமன்றம் போனது. பெரும்பான்மை மக்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் கல்வி இல்லாதது பாரபட்சம் என்பது அவர்களின் வாதம்.

கணக்கு ஆசிரியர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மூன்றாம் தரம் வரையான உரிமை நடைமுறைக்கு வந்த 2009இல் முதலாம் தரத்தில் இருந்த ஆறு வயதுப் பிள்ளை, பன்னிரண்டாம் தரத்துக்குத் தாய்மொழிப் பாடம் வரும் 2039இல் 36 வயது ஆளாக இருப்பார். அவருடைய பிள்ளைக்கே பத்துப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். இடையில் மொழி தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

கனடாவில் இருக்கும் எமது உறவுகள் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அங்கே வாக்குரிமை உண்டு. தேர்தல் காலத்தில் வேட்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும்போது வரி, வீட்டு விலை, வீசா பற்றிக் கேட்பீர்கள்; கேளுங்கள். அதோடு சேர்த்து, நுனாவுட்டின் ஆசிரியர் பயிற்சிக்கும் இனுக்டிட்டூட் பாடப்புத்தகங்களுக்கும் இந்த வருடம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். கிடைக்கும் பதிலை இங்கே எழுதுங்கள். நாங்கள் பத்தாம் தர வரலாற்று வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.